துருப்பிடித்த நீராவி இன்ஜினுக்கு நீடில் ஸ்கேலர்: ஒரு வருடம் கையில் பிடித்த பிறகு எழுதுகிறேன்

முப்பது வருடத்துக்கும் மேல் மழையிலும் வெயிலிலும் கவனிப்பாரில்லாமல் நின்ற ஒரு நீராவி இன்ஜினைக் காட்சிக்குத் தயார் செய்யும் குழுவில் ஒரு வருடமாக இருக்கிறேன். அந்த வேலையில் பாதிக்கு மேல் ஒரே கருவியால் நடந்தது: கம்ப்ரசர் காற்றில் ஓடும் 19 ஊசி நீடில் ஸ்கேலர். பட்டறைக்காரர்கள் நீடில் கன் என்பார்கள். வாங்கலாமா என்று கேட்டால் என் பதில், கண்டிப்பாக வாங்குங்கள். ஆனால் இன்ஜினில் எந்த இடத்தில் அதை வைக்கவே கூடாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். முனையில் ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் தடிமனில் எஃகு ஊசிகள் கட்டாக இருக்கும். உள்ளே ஒரு பிஸ்டன் நிமிடத்துக்கு 3000, 4000 தடவை அடிக்க, ஊசிகள் முன்னே பாய்ந்து துருவையும் பெயிண்டையும் உடைக்கும். ஒவ்வொரு ஊசியும் தனித்தனியாக முன்னும் பின்னும் நகர்வதுதான் இதன் அருமை. எதிரே தட்டையான தகடு இருந்தாலும் சரி, உருண்டை ரிவெட் தலை இருந்தாலும் சரி, ஊசிகள் தாமாகவே அந்த வடிவத்துக்கு ஒத்துப்போகும். நீராவி இன்ஜின் என்றாலே எங்கு பார்த்தாலும் ரிவெட்டும் போல்ட்டும் மூலையும்தான். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டிச் சுற்றினால் ரிவெட்டின் மேற்புறம் பளபளக்கும், அதைச் சுற்றியுள்ள பள்ளத்தில் துரு அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆறு மாதத்தில் புது பெயிண்ட் கொப்பளிப்பது அந்தப் பள்ளத்தில்தான்.

முதல் நாள் நான் தொடங்கியது முன்பக்க பஃபர் பீமில், அதாவது இன்ஜினின் முனையில் குறுக்காக இருக்கும் கனமான சட்டத்தில். மேலே ஏழெட்டு அடுக்கு பெயிண்ட், அதற்குக் கீழே துரு பிஸ்கட் மாதிரி தகடு தகடாக எழும்பியிருந்தது. ஊசியை 45 டிகிரி சாய்த்து வைத்து அழுத்தாமல் மெதுவாக நகர்த்தினேன். கை அகலத்துக்கு ஒரு துண்டு மொத்தமாகக் கழன்று விழுந்தது, அடியில் சாம்பல் நிறத்தில் கெட்டியான எஃகு. இவ்வளவு வருடம் கழித்தும் உள்ளே இரும்பு நன்றாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்த அந்த நிமிடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலைக்குள் ஒரு பீமை முடித்தேன். வேகம் என்று சொல்ல முடியாது, ஆனால் செய்த இடம் செய்தபடி நின்றது.

சரி, எங்கே கூடாது? முதலில், சக்கரங்களை இணைக்கும் தண்டுகள், பிஸ்டன் ராடு, பளபளப்பாக இருக்க வேண்டிய எந்தப் பாகத்திலும் இதை வைக்காதீர்கள். ஊசி சின்னச் சின்னக் குழிகளாகத் தடம் பதிக்கும், பிறகு அதைத் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பாகங்களில் பட்டறையில் அச்சடித்த எண்கள் இருக்கும். எங்கள் இன்ஜினின் ஒரு தண்டில் பெயிண்டுக்கு அடியில் கிடைத்த எண் இன்ஜினின் எண்ணே இல்லை, ஏதோ ஒரு ஓவர்ஹாலில் வேறொரு இன்ஜினிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறார்கள். அதன் வரலாற்றில் ஒரு பக்கம் அது. நான் நிறுத்த இரண்டு விநாடி தாமதித்திருந்தால் ஊசி அதை அழித்திருக்கும். அதிலிருந்து எண் இருக்கலாம் என்று தோன்றும் இடத்தில் பெயிண்ட் ரிமூவரும் பித்தளை பிரஷும் மட்டும்தான்.

அடுத்து மெல்லிய தகடு. ஓட்டுநர் நிற்கும் கேபின், பாய்லரைச் சுற்றியுள்ள வெளிக்கவசம் எல்லாம் மெல்லியவை. ஊசி அடிக்க அடிக்கத் தகடு நீண்டு நெளியும், துரு தின்ற இடமாக இருந்தால் ஓட்டையே விழும். அங்கே கையால் சுரண்டி, மிச்சத்துக்கு டானிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் பூசினோம். துரு கருநீலமாகி இறுகிவிடும். ஆனால் தளர்ந்த துருவின் மேல் பூசினால் அதுவும் துருவோடு சேர்ந்து உரியும். பித்தளை, செம்பு பக்கம் எஃகு ஊசியைக் கொண்டே போகாதீர்கள்.

மணல் வீச்சு, அதாவது பிளாஸ்டிங், இதைவிடப் பல மடங்கு வேகம். கழற்றி எடுத்த பாகங்களுக்கு அதுதான் சரி. கழற்றாத இன்ஜினில் அடித்தால் அந்தத் துகள் பேரிங்குக்குள்ளும் எண்ணெய்க் குழாய்க்குள்ளும் போய் உட்காரும். இன்றைக்குக் காட்சிக்கு மட்டும் என்று சொல்லும் இன்ஜினை நாளைக்கு யாராவது ஓட்ட நினைத்தால்? அந்த வழியை நாம் அடைக்கக் கூடாது.

கம்ப்ரசர் விஷயத்தில் ஏமாறாதீர்கள். பெட்டியில் 90 பிஎஸ்ஐ என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து எங்களிடம் இருந்த சின்ன கம்ப்ரசரில் மாட்டினோம். ஒரு நிமிடம் அடிக்கும், இரண்டு நிமிடம் காற்று சேரக் காத்திருக்க வேண்டும். அழுத்தத்தைவிட, தொடர்ந்து எவ்வளவு காற்று தருகிறது என்பதுதான் கணக்கு. காலையில் மாட்டும்போது காற்று வழியில் சில சொட்டு எண்ணெய் விடுங்கள், ஹோஸில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் போடுங்கள். இதைச் செய்யாத வாரம் பிஸ்டன் உள்ளேயே துருப்பிடித்து நின்றுவிட்டது. ஊசி முனை தேய்ந்து காளான் மாதிரி விரிந்தால் மொத்த செட்டையும் மாற்றிவிடுவது நல்லது.

சத்தமும் அதிர்வும்தான் இதன் பெரிய குறை. 100 டெசிபலைத் தாண்டும், காதடைப்பான் இல்லாமல் தொடாதீர்கள். நாள் முழுக்கப் பிடித்தால் விரல் மரத்துப்போகும், அது வருடக்கணக்கில் தொடர்ந்தால் விரல்கள் வெளுத்து நிரந்தரப் பாதிப்பாகவே மாறலாம். நாங்கள் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு ஆள் என்று மாறிக்கொண்டோம். அதைவிட முக்கியம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். தூசிக்குத் துணி முகமூடி போதாது, ஃபில்டர் உள்ள முகக்கவசம் வேண்டும். பாய்லரின் வெளிக்கவசத்துக்குள் வெள்ளையாகவோ சாம்பலாகவோ பஞ்சு மாதிரி, சுண்ணாம்புப் பூச்சு மாதிரி ஏதாவது தென்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. பரிசோதித்து எடுக்க அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் வரும்வரை காத்திருப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

நான் எதிர்பார்க்காத ஒரு பயன்: பாய்லர் தகட்டின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்கச் சுத்தமான சின்ன இடங்கள் வேண்டும். நாணயம் அளவுக்கு அங்கங்கே ஊசியால் சுத்தம் செய்தால் போதும். பாய்லரின் முன்னால் புகை சேரும் புகைப்பெட்டியின் அடித்தட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. கடைசியாக ஓடிய நாளின் சாம்பலை யாரோ வாராமல் விட்டிருக்கிறார்கள். அதில் உள்ள கந்தகம் மழை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டைத் தின்றுவிட்டது.

சுத்தம் செய்த எஃகை அன்றைக்கே பிரைமர் பூசி மூடிவிடுங்கள். ஈரப்பதம் அதிகமான நாளில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் துரு படரும். நாங்கள் காலையில் ஊசி, மதியம் கரைப்பானால் துடைத்து ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் என்று பிரித்துக்கொண்டோம்.

அப்புறம் கூரை. வேல்ஸில் பாரி என்ற ஊரின் கடலோரக் காயலான் கடையில் உப்புக்காற்றில் கிடந்த 213 இன்ஜின்களை ஆர்வலர்கள் மீட்டார்கள், பலவற்றில் தகட்டு வேலை மட்டுமே வருடக்கணக்கில் இழுத்தது. கலிபோர்னியாவின் வறண்ட வெயிலில் சுமார் 50 வருடம் நின்ற பிக் பாய் 4014 என்ற பிரம்மாண்ட அமெரிக்க நீராவி இன்ஜின், 2019 மே மாதம் மீண்டும் சொந்த ஆவியில் ஓடியது. ஈரம் எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்கிறது பாருங்கள். எங்கள் இன்ஜினுக்கு மேல் இப்போது ஒரு சாதாரணத் தகரக் கூரை நிற்கிறது. பின்சக்கரங்களுக்கு மேலே உள்ள ஃபிரேம் மட்டும் பாக்கி. இரண்டாவது ஊசி செட் மாட்டியாகிவிட்டது.