58 வயதில் வேலையை விட்டவனுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்: ஓராண்டு அனுபவம்

மத்திய அரசின் ஐந்து வருட டெபாசிட்டான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பணம் போட்டு 2025 ஜூலையோடு ஒரு வருடம் ஆனது. அதற்குள் நான்கு முறை வட்டி வந்துவிட்டது. 60 தாண்டியவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. ஆதாரையும் பான் அட்டையையும் எடுத்துக்கொண்டு போனால் வேலை முடிந்தது. நான் போட்டது 58 வயதில். அதில்தான் கதை இருக்கிறது.

கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் மெஷின் ஷாப் சூப்பர்வைசராக இருந்தேன். 33 வருட சர்வீஸ். 2024 மே மாதம் 58 முடிந்தது. கடைசி வாரம் சின்ன முதலாளி கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு வருசம் இருங்கண்ணா, பசங்களுக்கு ஆஃப்செட் போடவே தெரியல" என்று சொல்லி ஒரு காகிதத்தை நீட்டினார் (ஆஃப்செட் என்பது மெஷினில் வெட்டும் கருவியின் அளவைச் சரிசெய்வது). ஒப்பந்த முறையில் மாதம் 30,000. நான் வாங்கிக்கொண்டிருந்தது 42,000. குறைவுதான், ஆனால் வேண்டாம் என்று தள்ளுகிற தொகையும் இல்லை. "வீட்டுல கேட்டுட்டு சொல்றேனுங்க தம்பி" என்று காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கேட்டபோது, "ஏனுங்க, அந்த ரெண்டு வருசத்துல உங்க முட்டி என்னாகுமுங்க?" என்றாள். சிமென்ட் தரையில் பத்து மணி நேரம் நிற்கிற வேலை. அவள் கேட்டதும் நியாயம்தான். ஆனால் முட்டியை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியுமா? கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம்.

கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை 5.33 லட்சம் (கடைசி அடிப்படைச் சம்பளம் 28,000, அதில் 26-இல் 15 பங்கு, அதை 33 ஆல் பெருக்கினால் வருவது). பி.எஃப். 17 லட்சம். பி.எஃப்.-ஓடு சேர்ந்த இ.பி.எஸ். திட்டத்தின் பென்ஷன் மாதம் 4,400 சொச்சம். 33 வருடம் உழைத்தவனுக்கு இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். 2014 செப்டம்பர் வரை பென்ஷன் கணக்குக்கு எடுத்துக்கொண்ட சம்பள உச்சவரம்பே 6,500தான், அதன் பிறகு 15,000. பென்ஷனை 60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூட்டித் தருவார்கள் என்று ஷாப்பில் ஒருவர் யோசனை சொன்னார். கணக்குப் போட்டேன். மாதம் 350 ரூபாய் போலக் கூடும். அதற்காக இரண்டு வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கைவிட வேண்டும். வேண்டாம் சாமி என்று விட்டுவிட்டேன்.

மீதி எல்லாம் இந்தச் சேமிப்புத் திட்டத்தின் கையில் இருந்தது. அப்போது வட்டி 8.2 சதவீதம், அரசு உத்தரவாதம், 30 லட்சம் வரை போடலாம். 20 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000. மாதக் கணக்கில் 13,600 சொச்சம். பென்ஷனோடு சேர்த்தால் 18,000. எங்கள் இரண்டு பேருக்கு மாதச் செலவு 25,000 ஆகிறது. இடைவெளி 7,000. அதாவது மாதம் 30,000 சம்பாதிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, 7,000 போதும். இந்த ஒரு எண் கிடைத்த பிறகுதான் ராத்திரி தூக்கம் வந்தது.

அப்புறம் வங்கிக்குப் போனேன். எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. கவுண்டரில் இருந்த பெண் ஆதாரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு 58தான் சார், 60 ஆனதும் வாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மேனேஜரும் அதையே சொன்னார். கூடவே அவர்களுடைய இன்சூரன்ஸ் பாலிசி ஒன்றின் நோட்டீஸையும் கொடுத்தார். சாதாரண டெபாசிட்டில் போட்டால் வட்டி குறைவு, என் கணக்கு உதைத்தது. வீட்டுக்கு வந்து, சின்ன முதலாளி கொடுத்த காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

தடுத்தது எங்கள் தெருவில் இருக்கும் மில் ஆள் ஒருவர். அவர் 57-இல் ஓய்வு பெற்றவர். "55 தாண்டி ரிட்டையர் ஆனவங்களுக்கும் உண்டுங்க, பணம் கைக்கு வந்து மூணு மாசத்துக்குள்ள போடணும், அவ்வளவுதான்" என்றார். அது உண்மைதான். முன்பு ஒரு மாதம் என்று இருந்ததை 2023 நவம்பரில்தான் மூன்று மாதமாக்கினார்கள். ஓய்வுப் பணமாக வந்த தொகைக்கு மேல் போட முடியாது. கம்பெனியிடமிருந்து ஒரு சான்றிதழும் வேண்டும்: எந்த வேலை, எத்தனை வருடம், எப்போது ஓய்வு, எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று. விதியை அச்செடுத்துக்கொண்டு வேறொரு கிளைக்குப் போனேன். அங்கே இருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசாமல் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தார். 40 நிமிடம். ஒப்பந்தக் காகிதத்தை மறுநாள் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்தேன்.

நான் செய்த ஒரு புத்திசாலித்தனம்: 20 லட்சத்தையும் ஒரே கணக்கில் போடாமல் 15, 5 என இரண்டு கணக்காகப் பிரித்தது. அவசரம் என்றால் இதில் பாதியை மட்டும் எடுக்க வழியில்லை, கணக்கையே மூட வேண்டும். ஒரு வருடத்துக்குள் மூடினால் வட்டியே கிடையாது. இரண்டாவது வருடத்தில் அசலில் ஒன்றரை சதவீதம் போகும், அதற்குப் பிறகு ஒரு சதவீதம். நமக்கு அஞ்சு லட்சம் தேவைப்பட்டால் சின்னதை மட்டும் உடைக்கலாம். இரண்டிலும் வீட்டுக்காரம்மாவைக் கூட்டாகச் சேர்த்திருக்கிறேன். துணைக்கு வயது பார்ப்பதில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஜனவரி வட்டியில் 4,100 பிடித்துவிட்டார்கள். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். வரி பிடிக்காமல் இருக்க நான் கொடுத்தது 15எச் படிவம். அப்போது அது 60 ஆனவர்களுக்கானது, நான் கொடுத்திருக்க வேண்டியது 15ஜி. மூத்த குடிமக்கள் திட்டத்தில் பணம் போட்டிருக்கிறேன், ஆனால் வருமான வரிக்கு நான் மூத்த குடிமகன் அல்ல! ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

பெரிய குறை வேறு. 2024 அக்டோபரில் நாள் கணக்கில் கொஞ்சம் குறைவாக வந்ததை விட்டால், 2029 வரை அதே 41,000தான். வாங்குகிற எண்ணெயும் பருப்பும் அதே விலையில் நிற்குமா? எடுக்காமல் விட்ட வட்டிக்கு இந்தத் திட்டத்தில் வட்டியும் கிடையாது. அதனால் வேறு வருமானமே இல்லாதவர்கள் இதை மட்டும் நம்பி வேலையை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாடகை வீட்டில் இருந்திருந்தால், பிள்ளைகள் படிப்பு முடியாமல் இருந்திருந்தால், நானே அந்த 30,000-க்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இடைவெளி 7,000-க்கு என்ன செய்தேன் என்றால், செவ்வாயும் வெள்ளியும் அதே ஷாப்புக்குப் போகிறேன். ஒரு நாளைக்கு 900. மெஷினில் நிற்பதில்லை, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒடிசாவிலிருந்து வந்த பையன்களுக்கு டூல் ஆஃப்செட்டும், நுண்ணளவு பார்க்கும் டயல் கேஜும் சொல்லிக் கொடுக்கிறேன். சின்ன முதலாளிக்கு முதலில் கொஞ்சம் வருத்தம், இப்போது இல்லை.

திட்டத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். முதல் கிளைக்கு ஒன்று, அதுவும் ஏ.சி. நன்றாக இருந்ததற்காக.

55-க்கும் 60-க்கும் நடுவில் ஓய்வு பெறுகிறவர்கள் அந்தக் கம்பெனிச் சான்றிதழைக் கடைசி நாளிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். எங்கள் எச்.ஆர். பையனிடம் அதற்குப் படிவமே இல்லை, நான் சொல்லச் சொல்லத்தான் லெட்டர்பேடில் அடித்துக் கொடுத்தான். அடுத்த மாதமே அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.