அசை பிரிக்கும் ஆப்: ஒரு தமிழ் வாத்தியாரின் மூன்று நட்சத்திரம்

பேத்தி ஜியாலஜி முதல் வருஷம். வருஷத்துக்கு 299 ரூபாய் கட்டி அவள் போனில் போட்டிருக்கும் உச்சரிப்பு ஆப் இது. அறிவியல் சொல்லை அடித்தால் கோடு போட்டுப் பிரித்துக் காட்டும், வாய்விட்டும் சொல்லும். 31 வருஷம் அசை பிரித்துக் கொடுத்த எனக்குக் கை சும்மா இருக்குமா?

முதலில் போட்டது ‘அல்ட்ராமாஃபிக்’. சேலம் கருப்பூர்ப் பக்கம் எங்கப்பா வெள்ளைக்கல் வெட்டப் போனாரே, அந்த மேக்னசைட் உண்டானது இந்த வகைப் பாறையிலிருந்துதான். சிலிக்கா 45 சதவீதத்துக்கும் கீழே. மக்னீசியமும் இரும்பும் நிறைய. ஆப் நான்காகப் பிரித்தது: அல், ட்ரா, மாஃப், இக். (‘ட்ரா’ என்று தமிழில் அசை தொடங்குமா என்று கேட்காதீர்கள்.) பொருளைப் பார்த்தால் ‘மா’ மக்னீசியத்தின் தலை, ‘ஃப்’ இரும்பைக் குறிக்கும் ‘ஃபெர்ரிக்’கின் தலை. இரண்டையும் ஒரே அசையில் கட்டிப் போட்டுவிட்டது. பொருளை விட்டுவிட்டு ஒலியைப் பார்த்துப் பிரித்திருக்கிறது. நமக்கு இது புதுசில்லை. வெண்பாவில் சீருக்குச் சீர் சேரும் தளை தட்டக் கூடாதென்று சொல்லை நடுவே உடைத்துச் சீர் பிரிப்போமே, வகையுளி, அதேதான். சொன்னதும் பேத்தி சிரித்துவிட்டாள். பிறகு மறக்கவேயில்லை.

ஆனால் ஒலி? ‘மாஃபியா’வில் வருகிற நெடில் ‘மா’வாகச் சொல்கிறது. வரைபடத்தை இங்கிலீஷில் ‘மேப்’ என்கிறோமே, அந்த ஒலிதான் வர வேண்டும், அழுத்தமும் அங்கேதான். இதற்கு ஒரு நட்சத்திரம் போச்சு. பணம் கட்டிய பிறகும் விளம்பரம் வருகிறது, அதற்கு இன்னொன்று.

நெட் இல்லாமலும் ஓடுவது நல்ல விஷயம். ஏற்காடு போகும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரங்கட்டினோம். கரும்பச்சையாக, மழையில் நனைந்து மினுங்கிய பாறையைத் தட்டி “தாத்தா, சார்னோகைட்” என்றாள். டவரே இல்லை, ஆப் ‘சார், ன, கைட்’ என்று சுத்தமாகச் சொன்னது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறை. அதனால்தான் 1893இல் ஜியாலஜிக்காரர் ஹாலண்ட் இப்படிப் பெயர் வைத்தார். ஒலியில் பிரித்தால் சார்னாக்கின் கடைசி ‘க்’ பக்கத்து அசைக்கு ஓடிவிடுகிறது. பாவம், அவருக்கும் வகையுளி.

மாஃபியா பற்றிப் புகார் எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று இங்கிலீஷில் பதில் வந்தது. நேற்று ராத்திரி மறுபடி போட்டுப் பார்த்தேன். மாஃபியாதான்.