குனிகிறவர்களுக்கு நல்லது, சுமக்கிறவர்களுக்கு அவ்வளவாக இல்லை: முதுகுக்கான எக்ஸோசூட்

தரையிலிருந்தும் பேலட்டின் (பெட்டிகளை அடுக்கும் பலகைத் தட்டு) அடி வரிசையிலிருந்தும் பெட்டி எடுப்பதுதான் உங்கள் வேலையில் பெரும்பங்கு என்றால், முதுகுக்கு ஒரு எக்ஸோசூட், அதாவது குனிந்து நிமிர உதவ உடம்பில் மாட்டிக்கொள்ளும் சாதனம், வாங்கித்தரச் சொல்லி நிர்வாகத்திடம் தைரியமாகக் கேளுங்கள். எடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வேலை என்றால், அந்தப் பணத்துக்கு நல்ல டிராலியாக வாங்கச் சொல்லுங்கள். கிடங்கில் லோடு ஏற்றி இறக்குகிறவன் நான். இதை மாட்டிக்கொண்டு பல ஷிப்ட் பார்த்ததில் எனக்குத் தோன்றியது இதுதான்.

எங்களுக்குக் கொடுத்தது மோட்டாரோ பேட்டரியோ இல்லாத துணி வகை. தோளில் மாட்ட அகலமான வார் வைத்த மேல்பாகம், இரண்டு தொடையிலும் சுற்றிக் கட்டும் பட்டைகள், இரண்டையும் இணைத்து முதுகோடு இறங்கும் எலாஸ்டிக் நாடாக்கள். மேலே ஒரு சுவிட்ச் இருக்கும். தட்டினால் நாடா பிடித்துக்கொள்ளும், மறுபடி தட்டினால் விட்டுவிடும். பிடித்திருக்கும்போது குனிந்தால் நாடா இழுபடும், நிமிரும்போது அந்த இழுவை நம்மை மேலே கொண்டுவரும். இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர் ஹீரோவேர் ஏபெக்ஸ். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்விலிருந்து பிறந்து 2020-இல் சந்தைக்கு வந்தது. எடை சுமார் ஒன்றரைக் கிலோதான்.

சாதாரண எலாஸ்டிக் நாடா என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டால் புரியும். கையில் 15 கிலோ பெட்டி. அது முதுகெலும்பிலிருந்து 40 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். அதைத் தாங்க வேண்டிய முதுகுத் தசைகளோ எலும்பிலிருந்து ஐந்தாறு செ.மீ. பின்னால்தான் இருக்கின்றன. ஐந்து என்றே வைத்துக்கொண்டாலும், தசை 120 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். இது பெட்டிக்கு மட்டும். இடுப்புக்கு மேலே இருப்பது நம் எடையில் பாதிக்கும் அதிகம்; குனிந்தால் அந்தப் பாரமும் இதோடு சேரும். கீழே விழுந்த பேனாவை எடுக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறதே, அதில் பேனாவின் எடைக்கு ஒரு பங்கும் இல்லை.

தசை இழுக்கிற இழுப்பு முழுவதும் கடைசியில் இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்கை அமுக்குகிற விசையாகத்தான் போய்ச் சேருகிறது. எலாஸ்டிக் நாடா தோலுக்கு வெளியே, தசையைவிடவும் பின்னால் ஓடுகிறது. நெம்புகோலின் நீளம் கூடிவிடுவதால் அதே வேலையைக் குறைந்த இழுப்பில் செய்துவிடும். தசைக்கும் வேலை மிச்சம், டிஸ்க்கின் மேல் அமுக்கமும் குறைகிறது. பெட்டி ஒரு கிராம்கூட லேசாவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைக்கும் தோளுக்கும் முட்டிக்கும் அதே எடைதான்.

வேலையில் எப்படி? முதல் பெட்டியிலேயே இழுவை தெரிகிறது, ஆனால் அது பெரிய அதிசயமாக இல்லை. ஷிப்டின் பின்பகுதியில்தான் வித்தியாசம் புரிகிறது. வழக்கமாகக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நிமிர்கிற நேரத்தில் சாதாரணமாக நிமிர முடிகிறது. இதைவிட எனக்குப் பிடித்தது, குனிந்தபடியே நின்று செய்யும் வேலைகளில் இது கொடுக்கும் தாங்கல். கீழ் அடுக்கில் லேபிள் பார்த்துப் பிரிப்பது, ஸ்கேன் செய்வது, பேலட்டைச் சுற்றி பிளாஸ்டிக் உறை சுற்றத் தொடங்குவது, இதிலெல்லாம் தூக்குகிற எடை ஒன்றுமில்லை, முதுகு மட்டும் வளைந்தே நிற்க வேண்டும். அங்கே நாடாவின் மேல் சாய்ந்து நிற்பது தனி சுகம்.

நிமிர்ந்துவிட்டால் கதை முடிந்தது. நாடா தொய்ந்துவிடும், உதவியும் அதோடு போய்விடும். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லாரியின் உள்கோடி வரை நடக்கும்போது சூட் வெறும் ஆடைதான். தலைக்கு மேல் ரேக்கில் வைக்கும்போதும் அப்படியே. இடுப்பைத் திருகித் திரும்பும் பழக்கத்தையும் இது மாற்றாது, அதைக் காலால்தான் மாற்ற வேண்டும். உட்கார்ந்தால், ஏணி ஏறினால், ஃபோர்க்லிஃப்ட்டில் ஏறினால் தொடை மடங்குவதால் நாடா இழுக்க ஆரம்பித்துவிடும், எனவே சுவிட்ச்சைத் தட்டிவிட வேண்டும். அந்தச் சுவிட்ச் இல்லாத மாடலை யாராவது காட்டினால், ஷிப்ட் முழுக்கக் குனிந்த நிலையில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

முதுகிலிருந்து எடுத்த பாரம் எங்காவது போய் உட்கார வேண்டுமே? தொடையிலும் தோளிலும் உட்காருகிறது. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் மதிய இடைவேளையில் பட்டையைத் தளர்த்திக்கொண்டே, "தம்பி, முதுகு சும்மா இருக்கு, தொடைதான் கத்துது" என்றார். தொடைப்பட்டை மேலே ஏறி ஏறி வருவதுதான் இதன் பெரிய தொல்லை. இறுக்கிக் கட்டினால் நாலைந்து மணி நேரத்தில் அழுத்துகிறது, தளர்த்தினால் நழுவுகிறது. தொடைக்கு ஒரு சைஸ், முதுகுக்கு ஒரு சைஸ் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். பிரித்தெடுக்கும் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் சைஸ் மாற்றிய பிறகுதான் இதைத் திட்டுவதை நிறுத்தினார்.

வியர்வையைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். நனையும், நாறும். ஒரே சூட்டை இரண்டு ஷிப்ட்காரர்கள் பகிர்ந்துகொள்ளச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், "பழைய இடுப்பு பெல்ட்தானே இது, பேரை மாற்றிவிட்டார்கள்" என்பவர்களுக்கு. இல்லை. பெல்ட் இடுப்பைச் சுற்றி இறுக்குகிறது, நம்மை மேலே இழுப்பதில்லை. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், பெல்ட் முதுகைக் காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1994-இலேயே சொல்லிவிட்டது. பிறகு 160 கடைகளில் 9,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கவனித்து நடத்திய ஆய்வு 2000-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. பெல்ட் கட்டியவர்களுக்கு முதுகுக் காயமோ வலியோ குறையவில்லை.

எக்ஸோசூட் அந்த விதத்தில் பரவாயில்லை. மோட்டார் இல்லாத முதுகுக் கருவிகளைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் எர்கோனாமிக்ஸ் (வேலையை உடம்புக்கு ஏற்றபடி அமைக்கும் துறை) இதழில் வந்த கட்டுரை, முதுகுத் தசையின் உழைப்பு 10 முதல் 40 சதவீதம் வரை குறைந்ததாகச் சொல்கிறது. ஆனால் தசை உழைப்பு குறைவது வேறு, வருஷக்கணக்கில் முதுகு கெடாமல் இருப்பது வேறு. இரண்டாவதற்கு அந்த அளவு பெரிய ஆதாரம் இன்னும் சேரவில்லை. விற்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் கொஞ்சம் நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது சூட் அல்ல, அதைக் கொடுக்கிறவர்களின் மனக்கணக்கு. "சூட்தான் போட்டிருக்கீங்களே, இன்னும் வேகமா இறக்கலாமே" என்று ஒரு மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். பொருள் உடம்போடு ஒட்டி இருக்கிறது, உயரம் தோதாக இருக்கிறது, திரும்ப வேண்டியதில்லை, அடிக்கடி தூக்க வேண்டியதில்லை என்று எல்லாம் கூடிவந்தால்கூட ஒருவர் தூக்கலாம் என்று நியோஷின் கணக்கு சொல்லும் உச்ச எடை 23 கிலோதான். தள்ளிப் பிடித்தாலோ, தரையிலிருந்து எடுத்தாலோ அது மளமளவென்று இறங்கும். சூட் போட்டால் அந்த எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அதில் எங்கும் இல்லை. பேலட்டுக்கு அடியில் உயர்த்தும் மேசை வைத்தால் குனிகிற தேவையே போய்விடுமே, அதையும் கேட்டுவைத்திருக்கிறோம்.

மற்ற வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. நெதர்லாந்தின் லேவோ நெஞ்சிலும் தொடையிலும் மெத்தை வைத்து, பக்கவாட்டில் ஸ்பிரிங் சட்டத்தோடு வருகிறது. ஜப்பானின் இன்னோஃபிஸ் மஸில் சூட் அழுத்தப்பட்ட காற்றை அடைத்த செயற்கைத் தசையால் இழுக்கிறது. ஜெர்மன் பயோனிக்கின் கிரே எக்ஸில் மோட்டாரும் பேட்டரியும் உண்டு. உதவி அதிகம், எடையும் அதிகம். நாள் முழுக்க ஒரே இடத்தில் கனமான பொருளைத் தூக்குகிறவர்களுக்கு அது சரிப்படலாம். குறுகலான லாரிக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரும் எங்களுக்குத் துணி வகையே போதும்.

ஏற்கெனவே டிஸ்க் பிரச்சினை, அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் மாட்ட வேண்டாம். மற்றவர்கள் போட்டுப் பார்க்கும்போது, செய்து காட்டும் ஆள் கொண்டுவரும் காலிப் பெட்டியோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு முழு ஷிப்ட் கேட்டு வாங்கி, உங்கள் லோடிலேயே போட்டுப் பாருங்கள். கன்வேயர் பக்கம் வேலை என்றால், தொங்குகிற நாடா நுனி எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.