சூட்கெலெண்டே இயற்கைப் பூங்கா, பெர்லின்: ரயில் யார்டில் வளர்ந்த காடு

பெர்லினில் பிரீஸ்டர்வேக் எஸ்-பான் (நகர ரயில்) நிலையத்தை ஒட்டியே இப்பூங்காவின் வாசல் இருக்கிறது. நான் சென்றபோது நுழைவுக் கட்டணம் 1 யூரோ. வரிசையாக நட்ட பூச்செடிகளையும் வெட்டிய புல்தரையையும் எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு இந்த இடம் ஏற்றதல்ல.

சரக்கு ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் டெம்பெல்ஹோஃப் யார்டு இங்கேதான் இயங்கியது. நகரம் பிளவுபட்ட பின் 1952இல் அந்த வேலை நின்றது. நிலம் மேற்கு பெர்லினிலும் ரயில் பாதைகள் கிழக்கு ஜெர்மனி ரயில்வேயின் பொறுப்பிலும் இருந்ததால், பல பத்தாண்டுகள் பெரும்பகுதியை எவரும் தொடவில்லை. ஜல்லிக்கு இடையே பிர்ச், ரோபினியா மரங்கள் தாமாகவே முளைத்து அடர்ந்தன. பிற்பாடு இங்கே புதிய சரக்கு யார்டு கட்டத் திட்டமிட்டபோது, அப்பகுதி மக்கள் அமைப்பாகத் திரண்டு எதிர்த்து நிலத்தைக் காத்தார்கள். ஏறத்தாழ 18 ஹெக்டேர் பரப்பில் பூங்கா 2000இல் திறக்கப்பட்டது.

வடிவமைப்பாளர்களின் அடக்கமே என்னை மிகவும் கவர்ந்தது. பழைய தண்டவாளங்கள் சென்ற திசையிலேயே நடைபாதைகளும் செல்கின்றன. இயற்கைக் காப்புப் பகுதிக்குள் மண்ணை மிதிக்காதபடி, தரையிலிருந்து சற்றே உயர்த்திய எஃகுக் கம்பிவலைப் பாதை போட்டிருக்கிறார்கள். அதன் அடியிலும் செடிகள் வளர்கின்றன. அந்தப் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்ற விதி சிலருக்கு எரிச்சலூட்டலாம். எனக்கு அது முழுக்கச் சரியாகப் பட்டது.

எதையும் செய்யாமல் விட்டதால் கிடைத்த அழகு என்று இதைப் புகழ்வோர் பாதியைத்தான் பார்க்கிறார்கள். 1981இல் 37 சதவீதமாக இருந்த மரப்பரப்பு 1991இல் 70 சதவீதமானது. அப்படியே விட்டிருந்தால் காட்டுத் தேனீக்களும் வெட்டுக்கிளிகளும் நம்பி வாழும் வறண்ட புல்வெளிகள் நிழலில் மறைந்திருக்கும். ஆகவே சில இடங்களைக் காட்டுக்கே விட்டு, சில வெளிகளை ஆடு மேய்த்தும் புல் அறுத்தும் திறந்தே வைத்திருக்கிறார்கள். நம் கட்டணத்துக்குக் கிடைக்கும் உண்மையான சேவை இந்த இடையறாத உழைப்புதான்.

50 மீட்டர் உயர நீர்க்கோபுரம், இன்ஜினைத் திருப்பும் வட்டமேடை, 1940இல் கட்டிய நீராவி இன்ஜின் ஆகியவை அப்படியே நிற்கின்றன. எஃகுச் சிற்பங்களில் சில மட்டும் இந்த இடத்துக்குக் கனமாகத் தோன்றின. நாய்க்கும் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை. நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.