கிளைகளை டேட்டாபேஸில் இணைக்க: ஐபி பட்டியலா, எஸ்எஸ்எச்சா, வயர்கார்டா?

கிளிநொச்சியில் தலைமை அலுவலகம்; மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, பூநகரியில் கிளைகள். நெல் கொள்வனவு, உரக் கணக்கு எல்லாம் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஓடுகின்றன. சர்வர் சிங்கப்பூரில், வாடகைக்கு எடுத்தது. ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்காக இதைக் கவனிக்கும் வேலை என்னுடையது. வெளியிலிருந்து யார் வரலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் வரலாம் என்று முடிவெடுக்க வேண்டி வந்தபோது வயர்கார்டைப் (இணையத்தின் மேல் தனிப் பாதை போடும் விபிஎன் மென்பொருள்) பிடித்தோம். இதே நிலையில் இருப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

போஸ்ட்கிரெஸ் இணைப்புகளை ஏற்கும் 5432 போர்ட்டை உலகத்துக்கே திறந்துவிடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். போஸ்ட்கிரெஸும் தன் இயல்பில் உள்ளூர் இணைப்பை மட்டுமே ஏற்கும். நாமாகத் திறந்தால்தான் வெளியாள் வர முடியும்.

திறப்பதற்கு எளிய வழி, ஃபயர்வாலில் இன்னின்ன ஐபி மட்டும் என்று பட்டியல் போடுவது. நிலையான ஐபி உள்ள இடத்துக்கு இதுவே போதும். எங்கள் கிளைகளில் இருப்பதோ சிம் போட்ட 4ஜி ரவுட்டர். கரண்ட் போய் ரவுட்டர் மறுபடி எழும்பினால் வேறு ஐபியோடு வரலாம். உடனே மல்லாவியிலிருந்து போன்: "அண்ணை, போகுதில்லை." இதைவிடப் பெரிய சிக்கல், மொபைல் நெட்வொர்க்கில் ஒரு பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வது. மல்லாவிக்கென்று அனுமதித்த ஐபிக்குப் பின்னால் முன்பின் தெரியாத எத்தனையோ பேர் இருப்பார்கள். (டேட்டாபேஸை டொக்கரில் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: டொக்கர் வெளியே திறக்கும் போர்ட் உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தாண்டிப் போய்விடும்.)

அடுத்தது எஸ்எஸ்எச் சுரங்கம்: சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் இணைப்புக்குள்ளேயே டேட்டாபேஸ் போக்குவரத்தையும் அனுப்புவது. பாதுகாப்பில் அது குறைந்ததில்லை. சாவி வைத்து நுழையலாம், டேட்டாபேஸ் போர்ட் வெளியே தெரியவே தெரியாது. லைன் ஆடினால் சுரங்கம் அறும். மறுபடி தானாக எழும்ப விண்டோஸ் கணினியில் தனி ஏற்பாடு வேண்டும். அதையும் சமாளிக்கலாம். எனக்கு ஒத்துவராதது வேறு: சுரங்கம் வழியே வரும் எல்லா இணைப்பும் டேட்டாபேஸின் கண்ணுக்கு 127.0.0.1, அதாவது சர்வரின் சொந்த முகவரி ஆகத்தான் தெரியும். பூநகரியும் மாங்குளமும் ஒரே முகம். கிளைக்கு ஒரு யூசர் என்று பிரித்தால் பாதி தீரும். ஆனால் அந்த யூசரும் பாஸ்வேர்டும் எந்தக் கிளையிலிருந்து பாவிக்கப்படுகின்றன என்பது அப்போதும் தெரியாது.

எனக்கு முடிவைத் தீர்மானித்ததே இந்தப் பராமரிப்பு விஷயம்தான். போட்டுவிட்டுப் போவது ஒரு நாள் வேலை, பார்த்துக்கொண்டிருப்பது வருஷம் முழுக்க.

2020இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து வயர்கார்ட் லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கிளைக்கு ஒரு சாவிச் சோடி (கிளைக் கணினியில் இருக்கும் தனிச் சாவி, சர்வருக்குக் கொடுக்கும் பொதுச் சாவி), ஒரு நிலையான உள் முகவரி: மல்லாவிக்கு 10.8.0.3, புதுக்குடியிருப்புக்கு 10.8.0.4 என்று. ரவுட்டரின் வெளி ஐபி எத்தனை தரம் மாறினாலும் உள் முகவரி மாறாது. சாவி இல்லாதவன் தட்டினால் சர்வர் பதிலே சொல்லாது. கிளைப் பக்கம் 25 விநாடிக்கு ஒரு கீப்அலைவ் (இணைப்பு உயிரோடிருக்க அனுப்பும் சின்னச் செய்தி) வைத்தால் மொபைல் நெட்வொர்க் பாதையை மூடிவிடாது. யார் எங்கிருந்து நுழையலாம் என்று சொல்லும் போஸ்ட்கிரெஸின் எச்பிஏ கோப்பில் கிளைக்கு ஒரு வரி: இந்த யூசர், இந்த முகவரி, ஸ்க்ராம் (பாஸ்வேர்டை அப்படியே அனுப்பாமல் சரிபார்க்கும் முறை) பாஸ்வேர்டு. மேலிருந்து கீழாகப் படித்து முதலில் பொருந்தும் வரியைத்தான் அது எடுக்கும் என்பதால், எல்லாருக்கும் பொதுவான வரி ஒன்றை மேலே விட்டுவைக்காதீர்கள்.

இப்போது போஸ்ட்கிரெஸில் நடப்பு இணைப்புகளைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைத் திறந்தால் ஒவ்வொரு இணைப்புக்கும் எதிரே கிளையின் முகவரி, தொடங்கிய நேரம், சும்மா கிடக்கிறதா வேலை செய்கிறதா என்பது எல்லாம் தெரிகிறது. காலபோக அறுவடை நேரத்தில் இதன் அருமை விளங்கும். நெல் நிறுத்துக்கொண்டிருக்கும்போது புதுக்குடியிருப்பில் கரண்ட் போகிறது, கணினி அணைகிறது. சர்வருக்கு அது தெரியாது. லினக்ஸின் இயல்பான அமைப்பில், செத்த இணைப்பைச் சோதிக்கத் தொடங்கவே 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் ஆகும். கரண்ட் வந்து பிள்ளைகள் மறுபடி நுழையும்போது பழைய இணைப்புகள் அப்படியே நிற்கும். கிளைக்கு ஆறு இணைப்பு என்று யூசரில் எல்லை வைத்திருந்தால், எல்லை தாண்டியது என்று போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். அதற்காக எல்லையை எடுத்துவிட வேண்டாம்: மொத்த எல்லை இயல்பில் 100, அதை ஒரு கிளையே விழுங்கினால் மற்றவர்களும் நிற்பார்கள். செத்த இணைப்பைத் தேடும் அந்தச் சோதனையை, அதாவது டிசிபி கீப்அலைவை, 60 விநாடியிலும், பிறகு 10 விநாடிக்கு ஒன்றாக மூன்று சோதனையிலும் வைத்தால் ஒன்றரை நிமிடத்தில் செத்தது போய்விடும்.

போன் வந்தால் நான் முதலில் பார்ப்பது வயர்கார்டின் கடைசிக் கைகுலுக்கல் நேரம், அதாவது இரு பக்கமும் கடைசியாகச் சாவியைச் சரிபார்த்துக்கொண்ட நேரம். வயர்கார்டின் கீப்அலைவ் ஓடும்போது அது மூன்று நிமிடத்துக்கு மேல் பழசாக இருந்தால் கோளாறு லைனில். டேட்டாபேஸைத் தொடவே தேவையில்லை.

குறைகளும் உண்டு. சர்வர் மறுபடி எழும்பும்போது வயர்கார்டுக்கு முன் போஸ்ட்கிரெஸ் எழும்பினால், அந்த உள் முகவரியில் காது கொடுக்காமல் போகலாம். தொடங்கும் வரிசையை, லினக்ஸில் சேவைகளைத் தொடக்கும் சிஸ்டம்டியில் சொல்லி வையுங்கள். வயர்கார்டுக்குப் பாஸ்வேர்டு கிடையாது, கணினி யார் கையில் இருக்கிறதோ சாவியும் அவர் கையில். மடிக்கணினி தொலைந்தால் அந்தச் சாவியை அன்றே சர்வரிலிருந்து நீக்க வேண்டும். சாவியைக் கிளைக் கணினியிலேயே உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் வாங்குங்கள். தனிச் சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "வந்ததா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

ஐம்பது கிளை உள்ள இடத்தில் கையால் கோப்பு எழுதுவது கட்டுப்படியாகுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. மைஎஸ்கியூஎல் பாவிப்பவர்களுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்: போர்ட் 3306, மொத்த எல்லை இயல்பில் 151, யூசரை உருவாக்கும்போதே எந்த முகவரியிலிருந்து வரலாம் என்று கட்டலாம்.

எஸ்எஸ்எச்சையும் நாங்கள் மூடவில்லை. மென்பொருள் எழுதுபவர் யாழ்ப்பாணத்திலிருந்து எப்போதாவது வந்து பார்ப்பதற்கு, அவருடைய சாவிக்கு மட்டும் அந்தப் பாதை இருக்கிறது.