ஹோட்டன் சமவெளியா, மின்னேரியாவா?

ஓகஸ்ட் விடுமுறை வந்தால், இந்த இரண்டு தேசியப் பூங்காக்களில் எதற்குப் போவது என்று திருமலையில் (திருகோணமலையில்) பல வீடுகளில் இதே இழுபறிதான்.

தூரம்
மின்னேரியா: கந்தளாய் தாண்டி ஹபரணைப் பாதை. காலமை வெளிக்கிட்டால் பின்னேரச் சவாரி, இரவு வீடு.
ஹோட்டன்: கண்டி, நுவரெலியா என்று மலையேற வேண்டும். ஓரிரவு தங்காமல் சரிவராது.

செலவு
மின்னேரியா: ஜீப் வாடகைதான் பெரிது, ஆறு பேர் சேர்ந்தால் தாங்கலாம்.
ஹோட்டன்: உள்ளே நடைதான். காசு அறைக்கும் வான் வாடகைக்கும் போய்விடும்.

விலங்கு
மின்னேரியா: குளம் வற்ற, கரையில் முளைக்கும் புல்லுக்கு ஓகஸ்ட், செப்டெம்பரில் யானைகள் நூற்றுக்கணக்கில் திரளும். ஜீப்புகளும் திரளும், அதுதான் எரிச்சல்.
ஹோட்டன்: யானை கிடையாது. 2,000 மீற்றருக்கு மேலே பனிப்புல்லில் மரை என்ற பெரிய மான் நின்று மேயும்; மூக்கிலிருந்து ஆவி பறப்பது தெரியும். மரங்களில் பாசி தாடிபோல் தொங்கும். ஏறத்தாழ 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதையில் உலக முடிவு என்ற செங்குத்து மலைவிளிம்பும் பேக்கர் அருவியும். ஆனால் ஒன்பது, பத்து மணிக்குள் உலக முடிவுக்குப் போய்ச் சேராவிட்டால், 800 மீற்றருக்கும் மேலான அந்தப் பள்ளத்துக்குப் பதில் வெள்ளை மூட்டம்தான். பொலித்தீனை வாசலிலேயே கழற்றிவிடுவார்கள். இடியப்பத்தைச் சாப்பாட்டுப் பெட்டியில் கட்டுங்கள். திருமலை வெயிலில் வளர்ந்த நாங்கள் சுவெற்றர் இல்லாமல் போய் நடுங்கியது தனிக்கதை.

முழங்கால் வலிக்கும் அம்மம்மா, சின்னப் பிள்ளைகளோடு ஓகஸ்டில் என்றால் மின்னேரியா. நடக்கக்கூடியவர்கள் ஹோட்டனை ஜனவரி முதல் மார்ச் வரைக்குத் தள்ளிப்போடுங்கள். அப்போதுதான் அங்கே வானம் திறக்கும்.