இரு செல்சுவர்களும் நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகளும்

வேலூர்க் கல்லூரி ஆய்வகத்தில் பாக்டீரியாவை இரு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமேற்றிய தகட்டை நுண்ணோக்கியில் பார்க்கும் மாணவர், ஊதாவாகத் தெரிந்தால் கிராம் பாசிட்டிவ் என்றும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் கிராம் நெகட்டிவ் என்றும் குறித்துக்கொள்கிறார். 1884இல் பிறந்த இந்தச் சோதனை, பாக்டீரியாவைத் தாக்கும் பெப்டைடுகளில் (சிறு அமினோ அமிலச் சங்கிலிகளில்) எது எங்கே வேலை செய்யும் என்பதற்கும் நல்ல வழிகாட்டி.

கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவின் பெப்டிடோகிளைக்கான் சுவர் (சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் பின்னிய வலை) ஏறத்தாழ 20 முதல் 80 நானோமீட்டர் தடிமன் உடையது. ஆயினும் அதன் வலைக்கண்கள் வழியே நைசின் போன்ற சிறு பெப்டைடுகள் உள்ளிருக்கும் செல்சவ்வை அடைந்து, சுவர் கட்டத் தேவையான லிப்பிட் 2 மூலக்கூறைப் பற்றிக்கொண்டு துளையிடுகின்றன. இவ்வகையைச் சேர்ந்த ஸ்டெஃபைலோகாக்கஸ், தன் சுவரிலுள்ள டெய்கோயிக் அமிலத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்து எதிர்மின்னூட்டத்தைக் குறைப்பதால், நேர்மின்னூட்டப் பெப்டைடுகள் ஒட்டுவது தளர்கிறது.

கிராம் நெகட்டிவ் வகையின் சுவர் மெல்லியதுதான்; ஆனால் அதற்கு வெளியே உள்ள, லிப்போபாலிசாக்கரைடு (கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த மூலக்கூறு) படர்ந்த சவ்வே உண்மையான அரண் என்பது என் கருத்து. நைசினும் டாப்டோமைசின் என்ற பெப்டைடு மருந்தும் அங்கேயே தடைபட, கோலிஸ்டின் போன்ற பெப்டைடு மருந்தோ லிப்போபாலிசாக்கரைடின் கொழுப்புப் பகுதியான லிப்பிட் ஏயில் ஒட்டி, அதைப் பிணைத்திருக்கும் மெக்னீசியம், கால்சியம் அயனிகளை இடம்பெயர்த்து உட்புகுகிறது. அந்த லிப்பிட் ஏ மீது பாஸ்போஎத்தனோலமைனைச் சேர்த்துக் கோலிஸ்டின் ஒட்டுவதைத் தளர்த்தும் எம்சிஆர்-1 மரபணு, பாக்டீரியாக்களிடையே கைமாறும் சிறு டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிடு வழியே பரவுவது 2015இல் வெளிவந்தது. கோழி உள்ளிட்ட உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் தருவதை இந்தியா 2019இல் தடைசெய்தது மிகவும் தேவையான முடிவு. வேலூர் வட்டாரக் கோழிப்பண்ணையாளர்களும் அதை உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும்.